நூல்களோடு ஓர் ஆண்டு

பங்குக் குருவுக்கு நூல் வாசிக்க நேரம் ஏது என்று கேட்பவர் உண்டு. கதைப் புத்தகங்களை அவர் வாசிப்பது தகுமா என்று கேட்பவரும் உண்டு. கடந்த ஓராண்டில் இவ்விரு வினாக்களும் பன்முறை என் செவிக்கு எட்டின. முதல் வினாவுக்கு விடை எளிது. பகலுணவுக்குப் பின் அரைமணி நேரம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் அமர்ந்திருக்கும் நேரம். இரவுச் செபம் முடிந்து கண் சோரும் வரையுள்ள நேரம். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நல்ல நூல்களை ஆற அமர வாசித்துவிடலாம். குடும்பப் பொறுப்புடைய வாசக அன்பர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

இரண்டாம் வினாவை எழுப்பியவர் ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர். எண்பதை எட்டியவர். ஒரு நாள் பகலில் குருமனைத் திண்ணையில் நான் வாசித்துக்கொண்டிருந்த நூலின் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "செபப் புத்தகம்னு நெனைச்சேன் சாமி. நாவல் போல இருக்குதே!" என்றார். அவர் குரலில் இருந்தது வியப்பு மட்டுமன்று. சிறிது வருத்தமும் இருந்தது.

அவர் வருந்தியதில் பொருளுண்டு. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று 1559-ஆம் ஆண்டு முதல் திருச்சபையில் நடப்பில் இருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுலின் காலத்தில், 1966-இல்தான், அது வழக்கொழிந்தது. நமது உபதேசியார் அக்காலத்தில் இளைஞர். புதினம் என்றாலே மனத்தைக் கெடுக்கும் சரக்கு என்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள். குருமடங்களிலும் இலக்கியம் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இந்தக் கருத்தை மறுத்துத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17-ஆம் நாளிட்டு ஒரு மடல் எழுதினார். மனிதரின் உருவாக்கத்தில் இலக்கியத்துக்குள்ள பங்கைப் பற்றியது அம்மடல். குருத்துவ மாணவர்களை மனத்திற்கொண்டு தொடங்கினாலும், எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார்.

தம் சொந்த அனுபவம் ஒன்றையும் அதில் அவர் எழுதியிருக்கிறார். 1964, 1965-ஆம் ஆண்டுகளில், இருபத்தெட்டு வயதில், அர்ஜென்டினாவின் சாந்தா பே நகரிலுள்ள சேசு சபைப் பள்ளியில் அவர் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டத்தில் இருந்தது 'எல் சித்' என்னும் பழைய ஸ்பானியக் காப்பியம். மாணவர்களோ தற்காலக் கவிஞரான லோர்க்காவைக் கேட்டார்கள். காப்பியத்தை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் நீங்கள் விரும்பும் எழுத்தாளரைப் பற்றிப் பேசுவோம் என்று அவர் உடன்பட்டார். நற்பண்பை வளர்க்கும் என்பதற்காக விருப்பமில்லாத நூலைக் கடமையாக வாசிப்பதில் பயனில்லை என்பது அவர் துணிபு. அவரவர்க்குரிய நூலை அவரவரே கண்டடைய வேண்டும் என்கிறார். 2025 ஏப்ரல் 21-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற எழுத்துகளில் அளவிற் சிறிய இந்த மடலையே இவ்வாண்டு நான் மீண்டும் மீண்டும் எடுத்து வாசித்தேன். உபதேசியாரிடம் மடலின் சாரத்தைச் சொன்னபோது, "பெரிய சாமியே சொல்லிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அமைதியானார். அவரைப் பற்றிப் பின்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண்டின் முதல் நூலாக நான் எடுத்துக்கொண்டது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942-இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950-இல் நூலானது. தடித்த நூல் என்று அஞ்ச வேண்டியதில்லை. திண்ணையில் அமர்ந்து தாத்தா கதை சொல்வது போன்ற நடை. குருமடத்தில் சில பகுதிகளை மட்டும் பாடமாகப் படித்திருந்தேன். முழுமையாக வாசிக்கையில்தான் அது வாசிப்பைப் பற்றிய நூல் என்பது விளங்குகிறது.

அதில் வரும் ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஐயர் இளம் தமிழாசிரியர். அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். அதுவரை படித்ததெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்க, ஐயரின் வாழ்வே திசை மாறியது. சிந்தாமணி சமண நூல். ஐயரோ சைவ நெறியில் ஊறிய அந்தணர். பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கே நடந்தார். அவர்கள் வீட்டில் அமர்ந்து அவர்களுடைய சமயத்தை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பிற சமயத்தாரின் நூலைக் கற்க அவர்கள் வீட்டுப் படியேறிய அந்தப் பணிவு நம் காலத்தில் அருகி வருகிறது என்பது என் கருத்து.

ஐயரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் இந்தப் பெருந்தன்மையைக் காண்கிறோம். திருவாவடுதுறை மடத்துப் புலவரான அவர், புதுவைக் கத்தோலிக்கரான சவராயலு நாயகரை மாணவராக ஏற்றார். மற்றொரு கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் மீது குளத்தூர்க் கோவை பாடினார்.

இந்தத் தொடர்பு என்னை வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் நூலுக்கு இட்டுச் சென்றது. 1879-இல் வெளிவந்த இதுவே தமிழின் முதல் புதினம். ஆசிரியர் நம்மவர் என்று பெருமை பேசும் பலர் இதனை வாசித்ததில்லை என்பது என் ஐயம். கட்டுக்கோப்பான கதை என்று சொல்லமாட்டேன். கிளைக்கதைகள் நிரம்பியிருக்கின்றன, அறிவுரைகள் இடையிடையே நீண்டு விடுகின்றன. ஆயினும் ஞானாம்பாள் என்னும் பெண் ஆணுடையில் ஒரு நாட்டையே ஆளும் பகுதியை எங்கள் பங்கின் மாணவியர் சிலர்க்கு வாசித்துக் காட்டியபோது, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வாரமும் கேட்டார்கள். வழக்குமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்று நீதிபதி ஒருவர் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே புதினத்துக்குள் வாதாடியிருப்பதும் குறிக்கத்தக்கது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் மாயூரத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தவர் இவர். அதற்காக நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து பாடினார்.

மலைக்குச் செல்லும் நாட்களில் பையில் வைத்துக்கொண்டது வேறொரு நூல். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். 583 அடிகள் கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவனான நன்னனின் ஊர் செங்கம், நமது கல்வராயன் மலைக்கு வடக்கே இருப்பது. கூத்தர் கூட்டம் ஒன்றுக்கு நன்னன் ஊருக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு. வழி சொல்லுவது என்றால் நாம் சொல்லுவது போன்றதன்று. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் இடம், பாம்பு உறையும் குழி, தினைப்புனத்தில் யானையை ஓட்டக் கவண்கல் வீசுவோர் இருக்கும் இடம், கல் பறந்து வந்தால் மரத்தின் பின் ஒதுங்க வேண்டிய முறை என யாவும் அதில் உள்ளன. பிறகு மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாகப் புலவர் எண்ணிக் காட்டுகிறார். புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் காயம் ஆறும்படி மனைவி பாடும் பாட்டும் அவ்வோசைகளில் ஒன்று. பேருந்து வளைவுகளில் திணறி ஏறும்போது இந்த வரிகளை வாசிப்பதில் தனியொரு சுவை இருக்கிறது. அருகில் சாமை மூட்டையுடன் அமர்ந்திருந்த மலைவாழ் பெரியவர் ஒருவர், என்ன படிக்கிறீர்கள் என்று வினவினார். பன்றிப் பொறிப் பகுதியைச் சொன்னேன். "இதெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா?" என்றார், பிறகு பொறி கட்டும் விதத்தை எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். நச்சினார்க்கினியர் உரையைவிட அது தெளிவாக இருந்தது!

இதனை விளையாட்டாக நான் எழுதவில்லை. கல்வராயன் மலையின் மக்களைப் பற்றி வெளியுலகம் எழுதியவை மிகக் குறைவு. மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இம்மலை 1976-இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. அதன் பின்னும் நாளிதழ்களில் இம்மலையின் பெயர் பெரும்பாலும் சாராயத்தோடு சேர்த்தே அச்சாகி வந்துள்ளது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நஞ்சு கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாம் மறக்கவில்லை. அதனையொட்டி மலைவாழ் மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாரங்களில் வெளிவந்த செய்திகளில் கல்வராயன் மலை ஊறல் பானைகளின் மலையாகவே காட்சியளித்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு புலவர் அண்டை மலையின் மக்களைக் கண்ட கண்ணோட்டம் வேறு. வழிப்போக்கனுக்குத் தேனும் கிழங்கும் தினைச்சோறும் தருபவர்களாகவே அவர் அவர்களைக் காட்டுகிறார்.

அயல்மொழி நூல்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸ் 1936-இல் வெளியிட்ட, கிராமப் பங்குக் குரு ஒருவரின் நாட்குறிப்பாக அமைந்த புதினம் அது. அந்தக் குருவுக்கு வயிற்றில் நோய். ஊராருக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. தம் பணி எதுவும் பயன் தரவில்லை என்பதே அவருடைய நினைப்பு. குழந்தையை இழந்த துயரத்தில் பல ஆண்டுகள் உள்ளம் இறுகிப் போன சீமாட்டி ஒருத்தியோடு அவர் உரையாடும் பகுதி மட்டுமே அந்நூலின் விலைக்கு ஈடாகும். குருமடத்தில் முதன்முறை வாசித்தபோது இது துயரக் கதையாகத் தோன்றிற்று. ஐம்பதைக் கடந்த பின் வாசிக்கையில் பல இடங்களில் சிரிப்பு வருகிறது. கணக்குப் பார்க்கும் மளிகைக்காரர், மறைக்கல்வி வகுப்பில் குறும்பு செய்யும் சிறுமியர் ஆகிய யாவரும் நமக்கு அறிமுகமானவர்களே.

கற்பனை நாட்குறிப்பிலிருந்து உண்மையான நாட்குறிப்புக்கு வருகிறேன். புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினப்படி சேதிக் குறிப்பு நம் மறைமாவட்ட மக்கள் அவசியம் அறிய வேண்டிய நூல். பிள்ளை கிறிஸ்தவர் அல்லர். குருக்கள்மீது அவருக்கு அன்பும் கிடையாது. ஆதலால் நம்மைப் பற்றி நம்மவர் எழுதத் தயங்கியதை அவர் தயங்காமல் எழுதினார். சரக்கு விலை, கப்பல் வரவு, ஆளுநரின் கோபம், சோதிடம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பல பக்கங்கள் சலிப்பூட்டுபவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் 1745-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் ஓரிடம் வந்தபோது நூலை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

புதுச்சேரிக் கோவிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு புறம் சாதிக் கிறிஸ்தவர்கள் நின்று பூசை காண்பார்கள். மறுபுறம் பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள். சேரி மக்கள் குருவிடம் சென்று முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்பதே அவர்கள் கேள்வியின் கருத்து. குரு சுவரை இடிக்கச் செய்தார். இடித்ததும் மறுபுறத்தார் கொதித்தெழுந்தனர். யாவற்றையும் பிள்ளை சந்தைச் செய்தியை எழுதுவது போலவே எழுதிச் செல்கிறார். சுவரைக் கட்டியவர்களையும் குருவையும் ஒருசேர அவர் ஏளனமாகவே நோக்குகிறார் என்று எனக்குப் படுகிறது.

ஞாயிறு மாலைகளில் பங்கு மன்றத்தில் இளைஞர்கள் சிலர் கூடுவது வழக்கம். இந்தப் பகுதியை அவர்களுக்கு உரக்க வாசித்தேன். ஊர்த்தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். காலனிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், "இது எந்தக் காலத்துச் சங்கதி சாமி?" என்றான். 1745 என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "எங்க அம்மா ஊர்க் கல்லறையில அந்தச் சுவரு இன்னும் இருக்குது சாமி" என்றாள். அன்று அதற்கு மேல் வாசிப்பு நடக்கவில்லை, பேச்சுதான் நடந்தது. சில குரல்கள் உயர்ந்தன. எழுந்து போன இருவர் அடுத்த வாரம் திரும்பி வந்தனர், ஒருவன் வரவில்லை.

எறையூர் என்னும் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை இப்பகுதியில் யாரும் பேச முடியாது. அவ்வூர் நமது மாவட்டத்திலேயே உள்ளது. அங்குள்ள தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டினர். 2008 மார்ச் 9-ஆம் நாள் மோதல் மூண்டது. காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் உயிரிழந்தனர். இரு தரப்பாரும் ஒரே மறைமாவட்டத்தின் மக்கள். ஒரே செபமாலையை உருட்டுகிறவர்கள். மன்றத்தில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் பலர் அந்நாளில் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. வீட்டில் கேட்டதைத்தான் அவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வகையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த உரையாடலுக்குப் பின்பே இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' புதினத்தை மீண்டும் எடுத்தேன். 1994-இல் வெளிவந்தது. ஆசிரியர் விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்தவர். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இவருடைய மற்றொரு நூலுக்குக் கிடைத்தது. கதையின் தலைவி ஆரோக்கியம். அவள் கணவன் சவுரி. பெயர்களிலேயே அவர்கள் யாரென விளங்கும். காலனி மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம். பகலெல்லாம் அழுக்குத் துணி. பொழுது சாய்ந்தால் வீடு வீடாகச் சென்று இராச்சோறு வாங்குதல். பிறப்பிலும் இறப்பிலும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட வேலைகள். களத்தில் அளக்கப்படும் கொஞ்சம் தானியம். தன் மகன் ஒருவனைச் சாமியாராக்கிவிட வேண்டும் என்பது ஆரோக்கியத்தின் கனவு. அந்த வேண்டுதலோடுதான் கதை தொடங்குகிறது. அது என்னவாகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

இந்நூல் யாரையும் விட்டுவைக்கவில்லை. சுவருக்கு இப்புறத்தில் நிறுத்தப்பட்டவர்களுக்குள்ளேயே வேறொரு சுவர் இருப்பதை அது காட்டுகிறது. வெளிவந்த காலத்தில் தலித் விமர்சகர்கள் சிலரே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மேலே இருப்பவன் இதைக் காட்டித் தன் குற்றத்தை மறைத்துக்கொள்வான் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆயினும் ஆரோக்கியம் படும் பாட்டை எழுதாமல் விட்டிருந்தால் அவளுக்காகப் பேச யார் இருந்தார்கள்? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் இடம் பெற இயலாது. ஆகவே அரசின் ஏட்டிலும் அவளைப் போன்றவர்களுக்கு உரிய இடமில்லை. தீண்டாமை பெரும் பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தன் கொள்கை ஏட்டில் எழுதியது. ஏட்டில் எழுதிய அந்தச் சொல்லுக்கு முகமும் பெயரும் வேண்டுமானால் இந்தப் புதினத்தில் கிடைக்கும்.

உபதேசியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். அட்டையைப் பார்த்து வருந்தினாரே, அந்த நாவல் இதுவேதான். மடலைப் பற்றிக் கேட்ட பின் சில நாட்கள் கழித்து வந்து, "பெரிய சாமி சொல்லிட்டாரேன்னு கேக்கறேன்" என்று நூலை வாங்கிப் போனார். மூன்று வாரம் ஆள் வரவில்லை. திரும்பி வந்தபோது நூலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இந்த ஆரோக்கியத்தை எனக்குத் தெரியும் சாமி. பேருதான் வேற. எங்க தெருவுக்கு வெளுத்த குடும்பம். பொழுது போனா குண்டானை எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிக்கும். எங்க அம்மா சோறு போடுவாங்க. திண்ணையில உக்காருன்னு சொன்னதில்ல."

"இப்போது அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க பெங்களூருப் பக்கம் போயிட்டாங்க. அது செத்துப் போச்சு. மந்திரிக்க நான்தான் போனேன்" என்றார். பிறகு சிறிது நேரம் கழித்து, "வேற புத்தகம் இருக்குதா சாமி?" என்று கேட்டார்.

பாமாவின் 'கருக்கு' நூலைக் கொடுத்தேன். 1992-இல் வெளிவந்த தன்வரலாறு. தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறிய பெண்ணின் கதை. பனைமட்டையின் இருபுறமும் இரம்பம் போல் இருப்பதே கருக்கு, நூலும் அப்படித்தான். கன்னியர் மடங்களைப் பற்றி அவர் எழுதியவை சிலருக்குக் கசப்பாக இருக்கும். மடங்களில் இதனைப் பொதுவில் வாசித்து விவாதிக்கும் சகோதரிகளையும் நான் அறிவேன், அவர்களை மதிக்கிறேன். நூலின் மொழி பேச்சு மொழி. இலக்கண நடையில் பழகிய எனக்கு முதல் இருபது பக்கங்கள் கரடுமுரடாக இருந்தன. பிறகு அந்தக் குரலைக் காதால் கேட்பது போலாகிவிட்டது.

இந்த நூல்களையெல்லாம் எங்கே பெறுவது என்று சில குடும்பங்கள் கேட்டன. விலைக்கு வாங்க இயலாதோர் பொது நூலகத்தை நாடலாம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அதன் பயனாய் நாம் வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். செலுத்திய வரிக்குரிய பயனை எடுத்துக்கொள்ளாமல் விடுவானேன்? எங்கள் குருமனையிலும் ஓர் அலமாரியைத் திறந்து வைத்திருக்கிறேன். பெயரெழுதும் குறிப்பேடு ஒன்று அதில் தொங்குகிறது. இதுவரை நாற்பத்து மூன்று நூல்கள் வெளியே போயின, முப்பத்தொன்பது திரும்பின. திரும்பாத நான்கில் மூன்று சமையல் நூல்கள். அவற்றை நான் தேடப் போவதில்லை.

குழந்தைகள் வாசிப்பதில்லை என்று பெற்றோர் குறை கூறுகிறார்கள். வீட்டில் தந்தையோ தாயோ நூலொன்றைக் கையில் ஏந்தியிருப்பதைப் பார்த்திராத குழந்தை எதைப் பார்த்து வாசிக்கக் கற்கும்? குடும்பச் செபம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரேனும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பிரதாப முதலியாரின் கிளைக்கதைகள் இதற்கு ஏற்றவை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையும் ஏற்றதே. அது மூடக் குருவையும் சீடர்களையும் பற்றிய கதை என்பதால் பிள்ளைகள் ஒரு கண்ணால் நம்மையும் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

முனிவரின் பெயர் வந்ததால் தேம்பாவணியையும் சொல்லி முடிக்கிறேன். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எடுத்த அந்த இத்தாலியர், வளன் என்று புனித சூசையப்பருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி அவரைக் காப்பியத் தலைவராக்கினார். 36 படலம், 3615 பாடல். கரடுமுரடான சந்திகளும் அருஞ்சொற்களும் நிறைந்தது. உரையும் அகராதியும் இன்றி எனக்கு ஓடாது. சதுரகராதியை 1732-இல் அவரே தொகுத்து வைத்துவிட்டுப் போனதை அவருடைய கருணை என்றே கொள்கிறேன். இரவுச் செபத்துக்குப் பின் நாள் ஒன்றுக்கு ஒரு பாடல் என்று சென்ற சூசையப்பர் திருநாளன்று தொடங்கினேன். இந்த வேகத்தில் போனால் முடிக்க ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் பேராயர் என்னை எத்தனை ஊர்களுக்கு மாற்றுவாரோ தெரியாது. நாட்டுப் படலத்தின் வயல்களைத் தாண்டி வளன் இன்னும் பிறக்கவேயில்லை என்று நான் சொன்னதற்கு, "அவசரம் என்ன சாமி, பிறப்பாரு" என்கிறார் உபதேசியார்.